அரியர் யாருடைய பாக்கி?

‘அவன் அரியர் வச்சிருக்கான்.’

கல்லூரிகளில் தினமும் காதில் விழுகிற பேச்சு இது. ஆசிரியர் சொல்கிறார். ஆபீஸ் கிளார்க் சொல்கிறார். கடைசியில் பையனே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான்: ‘மூணு அரியர் இருக்கு சார்.’ அரியர் என்றால் பாக்கி. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருப்பது. 75க்கு 30 வாங்காதவன் பல்கலைக்கழகத்துக்குக் கடன்காரன் ஆகிவிடுகிறான்.

நம் ஆட்களுக்கு இந்த வார்த்தை புதுசு இல்லை. பாட்டன் பண்ணையாரின் நோட்டில் பாக்கி வைத்திருந்தான். என்ன வாங்கினான், எவ்வளவு கழிந்தது என்பது அவனுக்குத் தெரியாது. நோட்டு எழுதுகிறவன் சொன்னதுதான் கணக்கு. செத்த பிறகும் கழியாத அந்தப் பாக்கி மகன் தலையில் இறங்கியது. இன்றைக்குப் பேரனின் பாக்கி மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. இங்கேயும் நோட்டு அவன் கையில் இல்லை.

நான் ஒரு அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற கௌரவ விரிவுரையாளன். கௌரவம் பெயரில் மட்டும்தான், சம்பளத்தில் கிடையாது. என் வகுப்பில் உட்காருகிற பிள்ளைகளில் பெரும்பகுதி சேரியிலிருந்தும் அதை ஒட்டிய ஏழைத் தெருக்களிலிருந்தும் வருகிறவர்கள். தமிழ் வழியில் பி.ஏ. படிக்கிறவர்கள். 2020லும் 2022லும் நடந்த ஆன்லைன் தேர்வுகளில் அவர்கள் விடைத்தாளைத் திருத்தியவர்களில் நானும் ஒருத்தன். அங்கே பார்த்ததை எழுதாமல் போனால், நோட்டு எழுதினவனோடு நானும் சேர்ந்துவிடுவேன்.

‘கொரோனா முடிஞ்சுபோச்சு, இப்ப எதுக்கு அந்தக் கதை’ என்று கேட்பார்கள். கொரோனா முடிந்தது. அதில் விழுந்த அரியர் முடியவில்லை. அந்த வழியும் மூடப்படவில்லை. இன்றைக்கும் எங்கள் கல்லூரியில் அகமதிப்பீட்டுத் தேர்வு செல்போன் வழியாக நடக்கிறது. மழை என்றால் ஆன்லைன், லீவு என்றால் ஆன்லைன். அடுத்த முறை ஏதாவது வந்தால் பருவத் தேர்வும் அப்படித்தான் போகும். அதற்கு முன்னால் கணக்குப் பார்த்துவிடுவோம்.

தேர்வுக்கூடம் என்பது என்ன?

ஒரு டெஸ்க். ஒரு நாற்காலி. தலைக்கு மேல் விளக்கு. அச்சடித்த கேள்வித்தாள். மூன்று மணி நேரம் யாரும் எழுந்திரு என்று சொல்லாத அமைதி. இதைப் பெரிய விஷயம் என்று யாரும் நினைப்பதில்லை. ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஊரில் எந்தத் திண்ணையிலும் உட்கார உரிமையில்லாதவனுக்கு அரசாங்கம் எண் போட்டு ஒதுக்கி வைத்திருக்கும் இருக்கை அது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஊர்த் தலைவர் மகனாக இருக்கலாம். ‘தள்ளிப் போய் உட்காரு’ என்று அவன் சொல்ல முடியாது. பதிவு எண்தான் அங்கே ஜாதி.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதின தாள் திருத்துகிறவர் கைக்குப் போவதற்கு முன்னால் பெயரும் பதிவு எண்ணும் மறைக்கப்பட்டு வேறொரு எண் போடப்படும். டம்மி நம்பர் என்பார்கள். யார் எழுதினது என்று திருத்துகிறவருக்குத் தெரியாது. 25 மதிப்பெண் அகமதிப்பீடு, முகம் தெரிந்த ஆசிரியர் போடுவது. 75 மதிப்பெண் முகம் தெரியாதவர் போடுவது. நம் பிள்ளைகள் மேலே வந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த 75ஐப் பிடித்துக்கொண்டுதான்.

ஆன்லைன் தேர்வு இந்த இரண்டையும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டது. இருக்கையையும் பிடுங்கியது, மறைப்பையும் பிடுங்கியது.

பால் சொசைட்டி வாசலில் பொது நிதியியல்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 29ஆம் தேதி பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. தேர்வு நடத்த முடியாத இடங்களில் மற்ற ஆண்டு மாணவர்களுக்கு 50 சதவீதம் அகமதிப்பீட்டிலிருந்தும் 50 சதவீதம் முந்தைய பருவத்திலிருந்தும் எடுத்து மதிப்பெண் போடலாம் என்றது. இறுதியாண்டுக்கு மட்டும் தேர்வு கட்டாயம் என்று ஜூலை 6ஆம் தேதி மறுபடியும் சொன்னது. ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. செப்டம்பரில் தேர்வு நடந்தது.

எங்கள் கல்லூரியில் நடந்தது இப்படி. காலை பத்து மணிக்குக் கேள்வித்தாள் நெட்டில் வரும். வீட்டிலேயே ஏ4 தாளில் எழுதவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு எண்ணும் கையெழுத்தும் போடவேண்டும். பதினொன்றரைக்கு முடித்து, ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, பன்னிரண்டுக்குள் ஏற்றிவிடவேண்டும். அன்றைக்கே எழுதின தாளைக் கட்டி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பவும் வேண்டும். தாள், பேனா, போன், நெட், தபால் எல்லாம் அவன் செலவு. கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை.

ஒரு தொழிற்சாலை தன் செலவைக் குறைக்கக் கழிவைப் பக்கத்து ஆற்றில் விட்டால், பொருளாதாரத்தில் அதற்குப் புறச்செலவு என்று பெயர். செலவு மறைவதில்லை. அடுத்தவன் தலைக்கு மாறுகிறது. நாங்களே வகுப்பில் நடத்துகிற பாடம் இது. தேர்வுக்கூடத்தின் செலவை அப்படித்தான் சேரியில் கொட்டினார்கள்.

சேரியில் என்ன இருந்தது? 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வைப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் கம்ப்யூட்டர் உள்ள வீடு 4.4 சதவீதம். இணைய வசதி உள்ள வீடு 14.9 சதவீதம். இது ஊரும் சேரியும் சேர்ந்த கணக்கு. இந்தப் புள்ளிவிவரம் தேர்வை முடிவு செய்த எல்லோர் மேஜையிலும் இருந்தது. தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளைக்கு 2 ஜிபி இலவச டேட்டா கார்டு தருவதாக அறிவித்தது 2021 ஜனவரியில். 9.69 லட்சம் பேருக்கு என்றார்கள். நல்லதுதான். தேர்வு நடந்தது அதற்கு முந்தின செப்டம்பரில். பசித்தவன் எழுந்து போன பிறகு இலை போட்ட கதை.

என் மாணவன் ஒருத்தன். பெயர் வேண்டாம். அவன் காலனியில் சிக்னல் வராது. ஊர்த்தெருவில் பால் சொசைட்டி வாசலில் நின்றால்தான் நெட் எடுக்கும். அன்றைக்குப் பொது நிதியியல் தேர்வு. சொசைட்டி படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறான். ‘ஆடம் ஸ்மித்தின் வரி விதிப்பு விதிகளை விளக்குக.’ அரை மணி நேரம் போனதும் இரண்டு பேர் வந்தார்கள்.

‘காலனிக்காரனுக்கு இங்க என்னடா வேலை?’

‘பரீட்சைண்ணா. நெட் இங்கதான் கெடைக்குது.’

‘பரீட்சையா? போனத் தூக்கிகிட்டு எங்க தெருவுல ஒக்காந்து யாரடா படம் புடிக்கிற?’

அவன் எழுந்துவிட்டான். எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏரிக்கரைக்குப் போய் முட்டிமேல் தாளை வைத்து மிச்சத்தை எழுதி முடித்தான். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பிடிஎஃப் ஏறி முடிக்கும்போது பன்னிரண்டு பத்து. வாசல் மூடிவிட்டது. பட்டியலில் அவனுக்கு நேராக ‘ஆப்சென்ட்’ என்று விழுந்தது. தேர்வுப் பிரிவுக்குப் போன் பண்ணினேன். ‘டைம் முடிஞ்சா முடிஞ்சதுதான் சார். சிஸ்டம் ஏத்துக்காது’ என்றார்கள். தபாலில் அனுப்பின தாள் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. நானே பார்த்தேன். ஏற்றாத தாளைத் திருத்த விதி இல்லை என்று கட்டி வைத்துவிட்டார்கள்.

அந்தத் தாளில் அவன் எழுதியிருந்தான்: சமத்துவ விதி, அவரவர் செலுத்தும் திறனுக்கு ஏற்ப வரி இருக்கவேண்டும். வசதி விதி, செலுத்துகிறவனுக்கு வசதியான நேரத்தில், வசதியான முறையில் வசூலிக்கவேண்டும். 1776இல் ஆடம் ஸ்மித் சொன்னது. அதைச் சரியாக எழுதினவன் ஆப்சென்ட். அதன்படி ஒரு நாளும் நடக்காதவர்கள் தேர்வு நடத்துகிறவர்கள்.

அடுத்த முறை கட்டணம் கட்டி எழுதித் தேறிவிட்டான். ஆனால் தர வரிசைக்கு முதல் முயற்சியில் தேறியிருக்கவேண்டும் என்பது விதி. மதிப்பெண் பட்டியலில் தேறின மாதமும் வருஷமும் தனியாக நிற்கிறது. பார்க்கிறவன் கேட்பான்: ‘இதுல மட்டும் ஏன் அரியர்?’ பால் சொசைட்டி வாசலில் நடந்ததை அவன் எந்தக் கட்டத்தில் நிரப்புவான்?

காப்பி அடித்ததும் யார்?

‘எல்லாரும் புத்தகத்தப் பாத்துத்தான எழுதுனாங்க’ என்பார்கள். ஆமாம். பார்த்து எழுதினார்கள். ஒரே நோட்ஸின் ஒரே வரி, அதே எழுத்துப் பிழையோடு, தாள் தாளாக வந்ததை நான் திருத்தினேன். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் பார்த்து எழுதினார்கள்.

ஆனால் காப்பி அடிக்கவும் மூலதனம் வேண்டும். பொருளாதாரம் படிக்கிறவர்களில் பலரும் விழுகிற தாள் புள்ளியியல். அந்தக் கணக்கைப் பார்த்து எழுத முடியாது. யாராவது போட்டுத் தரவேண்டும். டியூஷன் மாஸ்டரை வீட்டில் உட்கார வைத்துப் போட வைத்தவர்கள் இருந்தார்கள். போட்ட விடை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. அந்தக் குரூப்பில் யார் இருந்தார்கள் என்று விசாரித்தேன். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே டியூஷன். காலனிப் பையன் வகுப்பில் பக்கத்தில் உட்காருவான். குரூப்பில் இருக்க மாட்டான். முடிவில் தொண்ணூறு வாங்கினவனுக்குப் பெயர் திறமை. அறுபதோடு நின்றவனுக்குப் பெயர் கோட்டா.

திருத்துவதும் மாறியது. பிடிஎஃப் கோப்பு மாணவன் பெயரோடும் பதிவு எண்ணோடும் எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கே வந்தது. டம்மி நம்பர் போன இடம் தெரியவில்லை. தாளைத் திறந்தால் பக்க ஓரத்தில் அவன் வீட்டுத் தரை தெரியும். சிமெண்ட் தரையா, மண் தரையா, டைல்ஸா என்று தெரியும். என்னோடு திருத்தின ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘இது நம்ம எஸ்சி பையந்தான், பாவம், பாஸ் போட்டு விடுவோம்.’ அவர் நல்லவர்தான். அவன் 30ஐத் தாண்டினால் போதும் என்று நினைக்கிற நல்லவர். 70க்கு எழுதியிருக்கிறானா என்று படித்துப் பார்க்காத நல்லவர். இந்தப் ‘பாவம்’தான் நம்மைக் கொல்கிறது.

பணம் கட்டினவன் பாஸ்

2020 ஆகஸ்ட் 26. இறுதிப் பருவத் தேர்வு தவிர மற்றதில் அரியர் வைத்திருந்தவர்கள், தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் தேர்ச்சி என்று அன்றைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். மாநிலமே சிரித்தது. பட்டாசு வெடித்தார்கள், போஸ்டர் ஒட்டினார்கள். இன்னொரு பக்கம் ‘கல்வியின் தரம் போச்சு’ என்று கூக்குரல். ஏஐசிடிஇ எதிர்த்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் தேர்வு ரத்தை ஏற்க முடியாது, ஏதாவது ஒரு வகையில் தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்றது. பாஸ் என்று சந்தோஷப்பட்டவர்கள் திரும்பவும் வரிசையில் நின்றார்கள்.

இந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை யார் காதிலும் விழவில்லை. ‘கட்டணம் கட்டியிருந்தால்.’

என் வகுப்பில் ஒரு பெண். ஏப்ரல் தேர்வுக்கான கட்டணத்தை அபராதத்தோடு கடைசி நாளில் கட்டலாம் என்று அவள் அம்மா நடவு வேலைக்குப் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஊரடங்கு வந்தது. சேர்த்த பணம் அரிசிக்குப் போனது. ஆகஸ்டில் அறிவிப்பு வந்ததும் அந்த அம்மா எனக்குப் போன் பண்ணினார்: ‘சாரு, டிவியில எல்லாரும் பாஸுன்னு சொல்றாங்களே, எம் பொண்ணும் பாஸ்தான?’

இல்லை என்று நான்தான் சொன்னேன். ஒரே வகுப்பு, ஒரே அரியர், இரண்டு பேருமே தேர்வு எழுதவில்லை. ஒருத்தி தேறினாள், ஒருத்தி தேறவில்லை. நடுவில் இருந்தது படிப்பு இல்லை, ரசீது. ‘தரம் போச்சு’ என்று கத்தினவர்களில் ஒருத்தராவது இந்த ரசீதைப் பற்றிப் பேசினார்களா? நன்றி போஸ்டர் ஒட்டினவர்கள் பேசினார்களா? அவர்களுக்குள் சண்டை பாஸ் போடலாமா கூடாதா என்பதில் மட்டும்தான். விலை போடலாமா என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பாஸ் ஆனவர்களுக்கும் விடுதலை கிடைக்கவில்லை. 2021 ஆகஸ்டில் மதுரையில் ஒரு தனியார் வங்கியின் ஆளெடுப்பு விளம்பரம் வந்தது. 2021இல் பட்டம் பெற்றவர்களுக்குத் தகுதி இல்லை என்று அதில் இருந்தது. கண்டனம் எழுந்ததும் அச்சுப்பிழை என்றார்கள். பிழை அச்சில் இருந்திருக்கலாம். ‘கொரோனா பாஸ்’ என்ற இளக்காரம் அச்சுப்பிழை இல்லை. மனுஷனுக்குத் தீட்டு வைத்த நாடு, வருஷத்துக்கும் தீட்டு வைத்தது. தெரிந்த ஆள், சொந்தத் தொழில், அப்பாவின் சிபாரிசு உள்ளவனுக்கு அந்தத் தீட்டு ஒட்டாது. சான்றிதழ் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாதவனுக்குத்தான் ஒட்டும்.

அதனால்தான் நம் பிள்ளைகளோடும் எனக்குச் சண்டை. 2021 கடைசியில் ‘ஆன்லைனில் நடத்தின பாடத்துக்கு ஆன்லைனில் தேர்வு வை’ என்று மாணவர்கள் போராடினார்கள். நியாயம் இருந்தது. 2022 பிப்ரவரியில் ஆன்லைனாகவே நடந்தது. அதில் நம் பிள்ளைகளும் சந்தோஷப்பட்டார்கள். தம்பி, தங்கச்சி, ஒன்று சொல்கிறேன். நடத்தாத பாடத்துக்குத் தேர்வு வேண்டாம் என்று கேளுங்கள், நானும் வந்து நிற்கிறேன். ஆனால் தேர்வுக்கூடம் வேண்டாம் என்று கேட்காதீர்கள். அது நம் பாட்டனுக்குக் கிடைக்காத நாற்காலி. நாமே எழுந்து கொடுத்துவிடக் கூடாது.

திருத்தி எழுதினவர்

எங்கள் பாடத்திட்டத்தில் இந்தியப் பொருளாதாரச் சிந்தனையாளர்கள் என்று ஒரு அலகு. அம்பேத்கர் அதில் கடைசி. நான் படித்த காலத்தில் ‘பரீட்சைக்கு வராது’ என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டார்கள். தாண்டின பக்கத்தில் இருந்தது என்ன?

பரோடா உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். 1915இல் எம்.ஏ. 1916இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரி. உதவித்தொகையின் காலம் முடிந்தது, 1917இல் பாதியில் திரும்பினார். நம் மொழியில் சொன்னால் அரியரோடு திரும்பினார். நாலு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று அந்தக் கல்லூரி வாசலைத் திறந்து வைத்தது. இங்கே பம்பாய் சிடனம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். பேராசிரியர்களுக்கு வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரின் கடனும் சேர்த்து 1920இல் மறுபடி லண்டன் போனார். 1922இல் டி.எஸ்ஸி.க்கு ஆய்வைக் கொடுத்தார். தேர்வாளர்கள் ஏற்கவில்லை, திருத்தி எழுதச் சொன்னார்கள். பணம் தீர்ந்து 1923இல் பம்பாய் திரும்பி, இங்கிருந்து திருத்தி அனுப்பினார். அந்த வருஷமே பட்டம் வந்தது. ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற புத்தகம் அதுதான். கொலம்பியா ஆய்வும் 1925இல் புத்தகமாக அச்சான பிறகே 1927இல் முனைவர் பட்டம் கைக்கு வந்தது.

இந்த நாட்டின் பெரிய பொருளாதார மேதை ஒருவர் மறுபடி எழுதினவர். முதல் முயற்சியில் தேறாததால் அவர் அறிவு குறைந்துவிட்டதா? இன்னொரு முறை என்பது பிச்சை இல்லை, படிப்பின் பகுதி. வாசல் திறந்திருந்ததா, நுழைய விலை எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவர் 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவுக்குள் போனதும் நம் பிள்ளைகளின் உதவித்தொகைக்காக வாதாடினார். பள்ளிக்கு மேல் படிக்கிற தாழ்த்தப்பட்டோருக்கான உதவித்தொகை 1944இல் வந்தது. பாதியில் திரும்பி வந்த வலி தெரிந்தவர் செய்த வேலை அது.

கேட்கவேண்டியது

ஒன்று: எந்தக் காரணத்துக்காக ஆன்லைன் தேர்வு வந்தாலும் இடத்தையும் கருவியையும் நெட்டையும் கல்லூரி தரவேண்டும். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையையும் ஆதிதிராவிடர் நல விடுதிகளையும் தேர்வுக்கூடமாகத் திறக்கவேண்டும்.

இரண்டு: எழுதி, ஏற்ற முடியாமல் போனவனை ஆப்சென்ட் என்று போடக் கூடாது. எழுதின தாளைத் திருத்தவேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் மறுதேர்வு வைத்து, அதையே முதல் முயற்சியாகக் கணக்கில் எடுக்கவேண்டும்.

மூன்று: உதவித்தொகையில் படிக்கிற மாணவர்களுக்கு அரியர் தேர்வுக் கட்டணம் கூடாது. கட்டாததால் யாரும் தேர்வையோ தேர்ச்சியையோ இழக்கக் கூடாது.

நான்கு: தாள் காகிதமாக இருந்தாலும் கோப்பாக இருந்தாலும் பெயரை மறைத்துத்தான் திருத்தவேண்டும்.

ஐந்து: திருத்தின விடைத்தாளைக் காட்டவேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று 2011லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நகலுக்கு ஒரு கட்டணம், மறுமதிப்பீட்டுக்கு ஒரு கட்டணம் என்று அந்த உரிமையைக் கடையில் வைத்து விற்காதே.

பாட்டன் பண்ணையார் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘எவ்வளவு பாக்கிங்க?’ என்று கேட்டான். பேரன் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. தேர்வுப் பிரிவின் ஜன்னலுக்கு நேராக நின்று கேட்கட்டும்: ‘நோட்டைக் காட்டு. எனக்கு நீ வைத்திருக்கும் பாக்கி எவ்வளவு?’